பேராதனையில் ஒரு போர்த் தலைமையகம்
(1942 முதல் 1945 வரையுள்ள நிழற்படங்கள் கூறும் வரலாறு)

பண்டைக் காலத்து வரலாற்றை ஆராய்வோர்க்குக் கல்வெட்டும், செப்பேடும், நாணயமும், ஏட்டுச்சுவடியும் சான்றுகளாக அமைந்தன. பிற்கால வரலாற்றை ஆராய்வோர்க்கு இவற்றோடு இன்னுமொரு சான்று கிடைத்துள்ளது. அதுவே நிழற்படம். கல்வெட்டு அரசன் ஆணையாற் பொறிக்கப்படுவது. ஆதலின், அரசன் கூற விரும்பியதையே அது கூறும். நிழற்படமோ ஒளியின் செயல். ஆதலின், அது பொய் கூறாது என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணை உண்மையுடையது என்பதை இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கண்டியைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டை அணுகிய யுத்தம்

கண்டி மாநகர் யுத்தத்துக்குப் புதியதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பலமுறை படைகொண்டு ஏறியும் இதனை நிலையாகக் கைக்கொள்ள முடியாது திரும்பினர். 1803ஆம் ஆண்டிற் புகுந்த பிரித்தானியப் படையும் அழிவுற்றது. 1815ஆம் ஆண்டில் இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகப் படையெடுப்புகளின் ஓசை இம்மலைகளை எட்டவில்லை. 1942ஆம் ஆண்டில் அந்த அமைதி கலைந்தது.

அவ்வாண்டு பெப்ரவரி மாதம் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டன. ஏப்பிரில் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானமொன்று இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதனைச் செலுத்திய கனேடிய வீரர் பேர்ச்சல் சுடப்பட்டு வீழ்ந்து சிறைப்பட்டார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. அன்றே கோண்வால், டோர்செற்சயர் என்னும் இரு குரூசர்க் கப்பல்கள் கடலில் அமிழ்ந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதனோடு மாண்டோர் முந்நூற்றுவருக்கு மேலாவர்.

இந்நாட்களைப் பற்றி இன்று நூல்களிற் பெரிதும் காணப்படும் நிழற்படங்கள் எவை என நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இரு குரூசர்களும் குண்டுகளுக்குத் தப்ப வளைந்து வளைந்து ஓடிய தடம் வெண்கோடாகக் கடல்மீது தோன்றும் படமும், ஹேர்மிஸ் ஒருபுறம் சாய்ந்து புகை கக்கி மூழ்கும் படமும் யப்பானிய விமானங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இலங்கைக் கரையோரத்தில் நிகழ்ந்த அழிவை இலங்கையர் இன்று காண்பது பகைவன் கண்களினூடாக என்க. தோற்றவன் கடலில் நீந்திக்கொண்டிருந்தான். வென்றவன் கையிலேதான் படப்பெட்டி இருந்தது. நிழற்படம் என்னும் சான்றை எடுத்தாளும் மாணவன் முதலிற் கேட்கவேண்டிய வினா இதனாற் பெறப்படுகின்றது. படத்தில் இருப்பது யாது என்பதன்று அவ்வினா. படம் எடுத்தவன் எங்கே நின்றான் என்பதே அது.

பூங்காவில் எழுந்த பணிமனை

1943ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கியூபெக் நகரிற் கூடிய மாநாட்டில், தென்கிழக்காசியப் படைத்தலைமை ஒன்றை நிறுவ நேசநாடுகள் தீர்மானித்தன. லூயி மவுண்ட்பேட்டன் பிரபு அதன் அதிஉயர் தளபதியாக நியமனம் பெற்றார். முதலிற் டில்லியில் இயங்கிய அத்தலைமையகம் 1944ஆம் ஆண்டு ஏப்பிரில் நடுப்பகுதியிற் கண்டிக்கு மாற்றப்பட்டது. டில்லியில் இந்தியப் படைத்தலைமையின் நிழலில் இயங்குவதைத் தளபதி விரும்பவில்லை. கடல் வழியாகத் தென்கிழக்காசியாவை மீட்பதே அவர் உள்ளத்திலிருந்த திட்டமாதலின், திருகோணமலை, கொழும்பு ஆகிய துறைமுகங்களுக்கு அண்மையில் இருப்பதும் வேண்டப்பட்டது.

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனைத் தாவரப் பூங்கா இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவரால் தொடங்கப்பெற்று, உலகின் பல பாகத்து மரங்களையும் கொண்டு வளர்ந்த அப்பூங்காவிற் கிடுகு வேய்ந்த கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. தொலைபேசிக் கம்பிகள் மரங்களிடையே ஓடின. தளபதி கண்டியிலுள்ள அரச மாளிகையில் உறைந்தார். வாவிக்கரையிலுள்ள சுவிஸ் ஹோட்டல் முதலிய விடுதிகளும் படையினர் வசமாயின. பல்லாயிரவர் வந்து குடியேறவே, பெரகராவுக்கன்றி வேறெதற்கும் நெரிசல் அறியாத வீதிகளில் ஜீப் வண்டிகள் நெருங்கின. அமெரிக்க வியூகச் சேவைப் பிரிவின் 404ஆம் பிரிவு கண்டிக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் அமர்ந்தது.

இத்தலைமையகத்து வாழ்க்கையைக் காட்டும் படங்கள் இருவகைப்படும். ஒருவகை, படைத்துறையின் ஆணைப்படி எடுக்கப்பட்டு, இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அரும்பொருட்சாலை முதலியவற்றிற் சேர்க்கப்பட்டவை. தளபதிகள் வரிசையாக நிற்றல், படங்களின்மீது குனிந்து நோக்குதல், விருந்தினரை வரவேற்றல் ஆகியவை இவற்றில் மிகுதி. மற்றொருவகை, பணியாற்றியோர் தம் பொருட்டு எடுத்துக்கொண்டவை. அமெரிக்கப் பிரிவிற் படங்களும் வரைபடங்களும் ஆக்கும் பணியிலிருந்த போல் சைல்ட் கைதேர்ந்த நிழற்படக் கலைஞர். அதே பிரிவின் ஆவணப் பதிவகத்தை நடத்திய யூலியா மக்வில்லியம்சைக் கண்டியில் அவர் எடுத்த படங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து நூலகத்தில் உள்ளன. அவ்விருவரும் 1946இல் மணம் புரிந்தனர். அப்பெண்மணியே பின்னர் யூலியா சைல்ட் என்னும் பெயரிற் பிரெஞ்சுச் சமையல் நூலாற் புகழ்பெற்றவர். ஆணைப்படி எடுத்த படங்களில் யுத்தம் கம்பீரமாகத் தோன்றுகின்றது. தம் பொருட்டு எடுத்த படங்களில் அது காத்திருத்தலாகவும், வெப்பமாகவும், தோழமையாகவும் தோன்றுகின்றது. இரண்டும் உண்மையே. எனினும், ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் கொள்பவன் பாதி வரலாற்றையே எழுதுவான்.

பூங்காவின் எழில் தலைமையகத்தின்மீது ஒரு பழியையும் கொணர்ந்தது. பேராதனையிற் கொட்டில்கள் எழுந்த அதே ஏப்பிரிலிற் கோகிமாவும் இம்பாலும் யப்பானியரால் முற்றுகையிடப்பட்டிருந்தன. கோகிமாவில் ஒரு தேனிசு ஆடுகளத்தின் இரு கரையிலும் நின்று இரு படைகளும் கைக்குண்டு எறிந்து பொருதன. மழையிலும் மலேரியாவிலும் உழன்ற 14ஆம் சேனையினருக்குப் பூங்காவில் அமர்ந்த பெருங்கூட்டம் நகைப்புக்கும் சினத்துக்கும் உரியதாயிற்று. இப்பழி முற்றும் நீதியானதன்று. விமான மூலம் உணவும் வெடிமருந்தும் இம்பாலுக்குத் தொடர்ந்து செல்ல, அமெரிக்க விமானங்களை வேறு களத்திலிருந்து திருப்பிய துணிவு அதிஉயர் தளபதியுடையதே. ஆயினும், பனைச்சாலையையும் புல்வெளியையும் பின்னணியாகக் கொண்ட படங்களைக் கண்டவர் மனத்தில் அப்பழியே நிலைத்தது. படம் உண்மையைக் காட்டியும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தீவுப் போரும் வானப் படங்களும்

பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்கர் தீவுக்குத் தீவு தாவி யப்பானை நெருங்கினர். அத்தகைய போரையே இந்து சமுத்திரத்திலும் நடத்தல் கூடும் என மவுண்ட்பேட்டன் பிரபு கருதினார். அந்தமான் தீவுகளில் இறங்கும் திட்டமும், சுமாத்திராவின் வடமுனையைக் கைப்பற்றும் திட்டமும் வகுக்கப்பட்டன. ஆனால், படையிறக்கு கலங்கள் ஐரோப்பியக் களத்துக்கு வேண்டப்பட்டமையால், 1943ஆம் ஆண்டு இறுதியில் அந்தமான் திட்டம் கைவிடப்பட்டது. சுமாத்திராத் திட்டமும் நிறைவேறவில்லை. கடற்போர் நடத்த விரும்பித் தீவுக்கு வந்த தலைமையகம் காட்டுப் போரையே மிகுதியும் நடத்த நேர்ந்தது விதியின் விளையாட்டுப் போலும். 1945ஆம் ஆண்டு சனவரியில்தான் பர்மியக் கரையோரத்து அக்கியாப்பிலும் இராம்ரீத் தீவிலும் படைகள் இறங்கின; மே மாதத் தொடக்கத்தில் இரங்கூன் மீட்கப்பட்டது.

எனினும், இலங்கையிலிருந்து தீவுகளை நோக்கிய தாக்குதல்கள் நிகழாமல் இல்லை. 1944 ஏப்பிரில் 19ஆம் நாள், திருகோணமலையிலிருந்து சென்ற இலஸ்ரியஸ் என்னும் பிரித்தானியக் கப்பலினதும் சரடோகா என்னும் அமெரிக்கக் கப்பலினதும் விமானங்கள் சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. அவ்வாண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள், திருகோணமலைச் சீனன்குடா விமானத்தளத்திலிருந்து 54 பெரு விமானங்கள் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளை நோக்கிப் புறப்பட்டன. முப்பத்தொன்பது மட்டுமே இலக்கை அடைந்தன. பின்னர் வேவு விமானங்கள் எடுத்த படங்கள் ஆலைக்கு நேர்ந்த சேதம் மிகச் சிறிதே என்பதைக் காட்டிவிட்டன. இவ்விடத்து நிழற்படம் தன் படையினரின் பெருமிதத்தையே திருத்திய சான்றாக நின்றது.

இவ்வேவுப் படங்களை எடுக்கும் முறை அறியத்தக்கது. விமானம் நேர்க்கோட்டிற் பறக்க, அதன் அடிப்புறத்திற் பொருத்திய படப்பெட்டி ஒழுங்கான இடைவேளையிற் படம் எடுக்கும். ஒரு படத்தில் விழுந்த நிலப்பகுதியின் பாதிக்கு மேற்பட்ட பாகம் அடுத்த படத்திலும் விழுமாறு இடைவேளை அமைக்கப்படும். அடுத்தடுத்த இரு படங்களை அருகருகே வைத்து, இருகண் நோக்கி என்னும் கருவியினூடாகப் பார்ப்பின், தட்டையான படம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். நிழலின் நீளத்திலிருந்து கட்டடத்தின் உயரம் கணிக்கப்படும். அலைகள் கரையை நெருங்குகையில் நெருங்கும் அளவிலிருந்து கடற்கரையின் சரிவு உய்த்துணரப்படும். புதிதாக மிதிபட்ட புல்லிலிருந்து மறைந்துள்ள பீரங்கி கண்டுபிடிக்கப்படும். இலங்கைத் தளங்களிலிருந்து, சிறப்பாகச் சிகிரியாவிலும் பின்னர்க் காங்கேசன்துறையிலும் தங்கிய 160ஆம் விமானப் படையணியின் லிபரேற்றர் விமானங்கள், சுமாத்திராவையும் நிக்கோபார்த் தீவுகளையும் இவ்வாறு படம்பிடித்தன. ஒருவரும் இறங்காத கரைகளின் சரிவைக்கூடப் பூங்காவிலிருந்த அலுவலர் அறிந்திருந்தனர். அவ்வறிவு பயன்படும் நாள் வரவில்லை.

படமும் படக்குறிப்பும்

நிழற்படத்துக்கு வாய் இல்லை. அதன் வாய் படக்குறிப்பே. பிரித்தானியப் படைத்துறை நிழற்படப் பிரிவினர், ஒவ்வொரு படச்சுருளுடனும் இடம், நாள், ஆட்பெயர் ஆகியவற்றை எழுதிய தாளொன்றையும் அனுப்புதல் வேண்டும். இரண்டும் தணிக்கையாளரைக் கடந்த பின்னரே வெளியாகும். எது படமாகலாம், எது ஆகாது என்பது படைத்துறையின் தீர்ப்பு. நியூகினித் தீவின் பூனாக் கடற்கரையில் இறந்து கிடந்த மூன்று அமெரிக்க வீரரை ஜோர்ஜ் ஸ்ரொக் எடுத்த படம், பல மாதத் தடைக்குப் பின்னர் 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் ‘லைஃப்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. அதுவரை தம் நாட்டு வீரரின் சடலத்தை அமெரிக்க மக்கள் சஞ்சிகைகளிற் கண்டிலர்.

பெயர் எழுதப்பட்ட படமும் தவறக்கூடும். ஈவோ ஜீமாத் தீவிலுள்ள சூரிபாச்சி மலையுச்சியில் 1945 பெப்ரவரி 23ஆம் நாள் அறுவர் கொடி நாட்டும் காட்சியை யோ ரோசெந்தால் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது; அதனை மாதிரியாகக் கொண்டு பெருஞ் சிலையும் அமைக்கப்பட்டது. அத்துணைப் புகழ்பெற்ற படத்தில் உள்ளோர் பெயர்களிற் பிழைகள் இருந்தமையை அமெரிக்கக் கடற்காலாட்படை 2016ஆம் ஆண்டிலும் மீண்டும் 2019ஆம் ஆண்டிலும் ஒப்புக்கொண்டு திருத்தியது. ஒரு நாடே நினைவில் வைத்திருந்த படத்துக்கு இதுவே நிலையாயின், எவரும் நினையாத படங்களின் நிலை யாதாகும்?

பெயரின்றி இருந்தவர் பெயர் பெற்றதும் உண்டு. 1942ஆம் ஆண்டு நத்தார்த் தினத்திற் பூனாவுக்கு அருகில், கண்கட்டப்பட்ட அவுஸ்திரேலிய வீரரொருவரைக் கைபிடித்து வழிநடத்தும் பப்புவா நாட்டு மனிதரை ஜோர்ஜ் சில்க் படம்பிடித்தார். வீரர் ஜோர்ஜ் விற்றிங்டன் என்பது அறியப்பட்டது. வழிநடத்தியவரோ நெடுங்காலம் வெறும் சுதேசியாகவே இருந்தார். பின்னரே அவர் இரபேல் ஒயிம்பாரி என்பது உலகுக்குத் தெரியவந்தது. பெயர் தெரிந்தபோது படமே மாறிவிட்டது எனலாம். முன்னர் ஒரு மனிதரும் ஓர் உதவியாளரும் இருந்த படத்தில் இப்போது இரு மனிதர் உள்ளனர்.

படத்தில் இடம்பெறாதோர்

இந்நோக்குடன் மீண்டும் பேராதனைக்கு வருதல் தகும். கொட்டில்களின் கிடுகு தானே பின்னப்படுவதில்லை. மரத்திடையே கம்பி தானே ஓடுவதில்லை. பல்லாயிரவருக்குச் சோறு தானே வேகுவதில்லை. தென்னோலை பின்னியோரும், விறகு சுமந்தோரும், துணி வெளுத்தோரும், தோட்டம் காத்தோரும் சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களுமாகிய இந்நாட்டு மக்களே. தளபதிகள் நிற்கும் படங்களின் ஓரத்திலே தட்டேந்தியவராகவும் கதவருகே நிற்பவராகவும் அவர் தோன்றின், படக்குறிப்பு அவர் பெயரைக் கூறுவதில்லை.

சுற்றுப்புறத் தோட்டங்களின் நிலையும் இதுவே. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு வேண்டிய இறப்பரின் பெரும்பகுதியை இலங்கையே அளிக்க நேர்ந்தது. மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது, பட்டுப்போகும்வரை பால் வெட்டும் முறை ஏற்பட்டது. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றமையால் உணவு பங்கீட்டுக்கு உட்பட்டது. சோறுண்டு பழகியோர் கோதுமை மாவுக்குப் பழகினர். விமானச் சில்லும் லொறிச் சில்லும் ஓடியது இம்மக்கள் வெட்டிய பாலினால். ஆயினும், வெற்றியைக் கூறும் படத்தொகுதிகளில் இறப்பர் மரத்தடியில் நிற்கும் பெண்ணுக்கு இடம் அரிது.

கண்டியின் போர்மயானம் ஒருவகையில் இக்குறையை நிரப்புகின்றது. மகாவலிக்கு அண்மையில் அமைதியாக விளங்கும் அவ்விடத்தில் ஏறத்தாழ இருநூறு பேர் துயில்கின்றனர். பிரித்தானியரும், கனேடியரும், இலங்கையரும், இத்தாலியரும் உளர். கிழக்காபிரிக்கரும் பலர் உளர். 11ஆம் கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு இலங்கையிற் பயிற்சி பெற்றே பர்மாவுக்குச் சென்றது. 1944 பெப்ரவரி 12ஆம் நாள், கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினரை ஏற்றிக் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பல் மாலைதீவுக்கு அருகில் அமிழ்த்தப்பட்டது. 1,200 பேருக்கு மேல் மாண்டனர். மயானத்திலே தளபதிக்கொரு கல்லும் தொண்டனுக்கொரு கல்லும் என்ற வேற்றுமை இல்லை. ஒரே அளவுக் கல், ஒவ்வொன்றிலும் பெயர். அரும்பொருட்சாலைப் படங்கள் செய்யாததை இக்கற்கள் செய்கின்றன.

இப்படைத்தலைமையின் எல்லைக்குட்பட்ட சயாமில் இக்கல்லும் கிடைக்காதோர் உளர். 1943 ஒக்டோபரில் யப்பானியர் முடித்த பர்மா–சயாம் புகையிரதப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். அதனை அமைத்த நேசநாட்டுச் சிறைக்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவருள் அவுஸ்திரேலியராகிய ஜோர்ஜ் அஸ்பினால் மறைத்து வைத்த படப்பெட்டியால் எடுத்த படங்கள் தப்பி வந்தன. காஞ்சனபுரி முதலிய இடங்களில் அக்கைதிகளின் கல்லறைகள் பெயருடன் நிரையாக உள்ளன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், யாவகரும் கைதிகளினும் பன்மடங்கு தொகையினர் மடிந்தனர். அவர் தொகை பல பதினாயிரம் என மதிப்பிடுவர், பெயர்ப்பட்டியல் இல்லை. கண்டி மலைகளிற் கொழுந்து கொய்தோரும் அப்பாதையில் மடிந்த தமிழரும் ஒரே நாட்டுக் கிராமங்களிலிருந்து இரு கப்பல்களில் ஏறியோரின் மக்களே. ஒரு கப்பல் இங்கு வந்தது. மற்றது அங்கு சென்றது. வேற்றுமை அவ்வளவே.

முடிவுரை

1945 செப்டெம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூர் நகரசபை மண்டபத்தில், தெராவுச்சி என்னும் யப்பானியப் பெருந்தளபதிக்காக இத்தகாகி சரண் பத்திரத்திற் கையொப்பமிட்டார். அக்காட்சி எண்ணற்ற படங்களில் உள்ளது. அவ்வாண்டு இறுதியிலே தலைமையகமும் சிங்கப்பூருக்குச் சென்றது. 1946 நவம்பரிற் கலைக்கப்பட்டது. பூங்கா மீண்டும் பூங்காவாயிற்று. அதற்கு எதிர்ப்புறத்தில் 1952ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் வந்தமர்ந்தது. கொழும்பிலே படையினருக்காக ஒலித்த வானொலி நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, பிற்காலத்தில் இந்தியாவெங்கும் கேட்ட இலங்கை வானொலிக்கு அடிப்படையாயிற்று. யுத்தம் விட்டுச் சென்றவற்றுள் இவையே நல்லன.

நிழற்படம் பொய் கூறுவதில்லை என்னும் கூற்று ஓரளவே பொருந்தும். அது பொய் கூறாது; ஆனால், கேட்டதற்கு மட்டுமே விடை கூறும். எடுத்தவன் யார், எங்கே நின்றான், எவர் பெயரை எழுதினான், எவர் பெயரை விட்டான் என்னும் வினாக்களை எழுப்புவோர்க்கே அது முழுச் சான்றாகும். கண்டியிலும் சுற்றுப்புறத்துத் தோட்டங்களிலும் உள்ள இல்லங்களிற் பழைய பெட்டிகளுள் மங்கிய படங்கள் இன்னும் கிடத்தல் கூடும். அவற்றின் பின்புறத்திற் பாட்டன் பெயரையும், பாட்டி பெயரையும், ஊரையும், ஆண்டையும், கூறத்தக்க முதியோர் உள்ளபோதே எழுதி வைத்தல் மாணவர் செய்யக்கூடிய எளிய வரலாற்றுத் தொண்டாகும். ஒயிம்பாரியின் பெயர் பிந்தியேனும் கிடைத்தது. அதனை அறிந்தோர் உயிருடன் இருந்தமையாலன்றோ அது கிடைத்தது!